'இ' என்றால் இலையா, எலையா? வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோரின் அனுபவங்கள்

திருப்பூர்

எங்கள் லைன் வீட்டின் முன்னறையில் ஏழு ஆண்டுகளாக அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இப்போது ஐந்து பேர் இருக்கிறார்கள்; மூத்தவனுக்கு நான்கரை வயது, இளையவளுக்கு இன்னும் இரண்டு நிறையவில்லை. பெற்றோர் அனைவரும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குத் தொடங்கும் ஒன்றரை ஷிப்ட் முடிந்து அவர்கள் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும் என்பதால், அங்கன்வாடி அவர்களுக்குப் பாதி நாளுக்குத்தான் உதவுகிறது. நான் நடத்துவதைப் பள்ளிக்கூடம் என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் குழந்தையை விட்டுவிட்டுப் படியிறங்கும் அம்மாக்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, எழுதப் பழக்கறீங்களா?"

முதல் இரண்டு ஆண்டுகள் பழக்கத்தான் செய்தேன். சிலேட்டில் 'அ' எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைப்பேன். மூன்று வயதுப் பிள்ளைகள் பல்பத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்து, அழுத்தி, ஒடித்து, ஒடிந்த துண்டைத் தின்றுவிடுவார்கள். அதையும் பயிற்சி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு வாழையிலை. சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் படத்தில் 'இ'க்குப் பக்கத்தில் இலை வரைந்திருக்கும். நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் அதைக் காட்டி, "இது என்ன சாமி?" என்று கேட்டேன். "எல" என்றான். "மொதல்ல என்ன சத்தம் வருது?" என்றேன். "எ" என்றான். இல்லை, 'இ' என்று திருத்தினேன். அவன் படத்தைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான், பிறகு எனக்குத்தான் காது கேட்கவில்லை என்பதுபோல், "எலங்க்கா!" என்று உரக்கச் சொன்னான்.

அவன் சொன்னதில் என்ன பிழை? அவன் வீட்டிலும் என் வீட்டிலும் அதற்குப் பெயர் எலதான். அன்று மத்தியானம் விருந்தாளி வந்தபோது, "எல போடு" என்று நானே என் மகளிடம் சொன்னேன். சொல்லின் முதல் ஓசையைச் சரியாகப் பிடித்துக் கொடுத்த குழந்தையை, அது பிழை என்று சொல்லி நான்தான் குழப்பியிருக்கிறேன்.

அன்று இரவு அந்தப் படம் முழுவதையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'உ'வுக்கு உரல் இருந்தது. எங்கள் ஊரில் அது ஒரல், அதிலும் இந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்ததே கிடையாது. இடம் எடமாகிறது, உடம்பு ஒடம்பாகிறது, குடை கொடையாகிறது. அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால் பேச்சில் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் பெரும்பாலும் மாறிவிடுகின்றன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் இட்லியை யாரும் எட்லி என்பதில்லை. உப்பை ஒப்பு என்பதில்லை. ஆகவே இலையையும் உரலையும் தாள் ஒட்டி மறைத்துவிட்டு, மேலே இட்லியையும் உப்புக் கிண்ணத்தையும் வரைந்தேன். என் இட்லி நிலாவைப்போல் இருக்கிறது என்று இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

அதன்பின் சிலேட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு ஓசை விளையாட்டுக்கு வந்தேன். காய் நறுக்கும்போது ஐவரும் முறத்தைச் சுற்றி உட்காருவார்கள். 'க'வில் தொடங்குவதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் கத்தரிக்காயும் கருவேப்பிலையும் வரும். ஒருத்தி என் கையைப் பிடித்து, "கத்தி" என்பாள். பெயர்களைக் கைதட்டிப் பிரிப்பது இன்னொரு விளையாட்டு: அம்-மா என்றால் இரண்டு தட்டு, தக்-கா-ளி என்றால் மூன்று. பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் முதல் மாதம் முழுவதும் வாயே திறக்கவில்லை. நான் ஓர் இலையைக் காட்டி, "உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டேன், "பத்தா" என்றான். மற்ற நால்வரும் பத்-தா, பத்-தா என்று தட்டத் தொடங்கியபோது, அவன் முதன்முறையாக எங்களோடு சேர்ந்து தட்டினான். அவன் அம்மாவுக்கும் எனக்கும் பொதுமொழி இல்லாவிட்டாலும், அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னது எலயா பத்தாவா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசைதான்.

எழுத்தின் வடிவத்துக்கு எங்கள் ஊரே பொருள் தருகிறது. கட்டிங் வேஸ்ட் பனியன் துணியைக் கீற்றாக வெட்டி, இரு முனையையும் பிடித்து இழுத்தால், அது சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். இழுத்துச் சுருட்டும் வேலையைப் பிள்ளைகளே செய்வார்கள். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. தரையில் கோலப்பொடியால் ஆளுயர 'அ' போட்டுவிட்டால், துணிக்கயிற்றை அதன்மேல் வளைத்து வளைத்து வைத்துக்கொண்டே போவார்கள். நூல் தீர்ந்த காலிக் கோன்களை நட்டு, எழுத்தின் பாதையில் நடப்பதும் உண்டு.

புதுக்கோட்டை

வணக்கம். 34 ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது என் மனைவியும் நானும் பேத்தியையும் எதிர்வீட்டு இரட்டைக் குழந்தைகளையும் பகலில் பார்த்துக்கொள்கிறோம். திருப்பூர் சகோதரியின் இலைக் கதையைப் படித்ததும் 1991இல் எங்கள் மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு புகட்ட நடந்த அறிவொளி இயக்கம் நினைவுக்கு வந்தது. கல்குவாரியில் வேலை செய்து களைத்து வரும் பெண்களுக்கு இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பெடுத்த தொண்டர்களில் நானும் ஒருவன். அந்தப் பாடப் புத்தகம் 'அ'வில் தொடங்கவில்லை. பட்டா, படி என்ற சொற்களில் தொடங்கியது. பட்டா என்ற சொல்லின் அருமை, நிலம் இல்லாதவர்களுக்கு யாரும் விளக்காமலே தெரியும். எழுத்து வரிசையைப் பள்ளியில் கேட்டு மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்த என் மாணவர்களைவிட, அந்தப் பெண்கள் விரைவாகச் சொற்களைக் கூட்டி வாசித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகும், பகலில் என் வகுப்பறையில் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஆனா ஆவன்னாதான் நடத்தினேன் என்பதைக் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பணியின் கடைசிக் கட்டத்தில், 2022இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அமர்த்தியபோது, அரும்பில் தங்கிப்போனவர்களை உற்றுக் கவனித்தேன். எழுதக் கை வராதவர்கள் அவர்களில் குறைவு. இரண்டு சொற்களின் தொடக்க ஓசை ஒன்றா வேறா என்று காதால் பிரிக்கத் தெரியாதவர்களே அதிகம். அந்தப் பழக்கம் முறத்தைச் சுற்றி உட்காரும் வயதில் வர வேண்டியது.

ஒன்றை மட்டும் சகோதரியோடு மாறுபட்டுச் சொல்கிறேன். பேச்சு ஓசையிலிருந்து தொடங்குவது சரி. ஆனால் 'இலை' என்ற எழுத்து வடிவத்தை ஒரேயடியாகத் தாள் ஒட்டி மறைக்க வேண்டியதில்லை. நான் பேத்திக்குக் கதைப் புத்தகம் வாசிக்கும்போது, அச்சில் உள்ள வரியை அப்படியே ஒருமுறை வாசித்துவிட்டு, அதையே எங்கள் வீட்டுப் பேச்சில் மறுபடி சொல்வேன். ஒரு மாதத்தில் அவளே, "புத்தகத்துல இலை, நமக்கு எல" என்று பிரித்துச் சொன்னாள். எழுத்துத் தமிழ் என்பது புத்தகம் பேசும் பேச்சு என்று அவள் முடிவு கட்டியிருக்கிறாள். இதைவிட எளிதாக எனக்கும் விளக்கத் தெரியாது. கெ, கே போன்ற எழுத்துகளில்தான் தகராறு. "'க'தானே மொதல்ல சொல்றோம், கொம்பு ஏன் முன்னாடி வருது?" என்று கேட்கிறாள். கொம்பு உள்ள மாடு தலையை நீட்டிக்கொண்டுதானே வரும் என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன்.

மதுரை

நான் மறுபக்கத்தில் நிற்பவள். குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் அல்ல, விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள். எங்கள் தெருவில் ஓர் அத்தை வீட்டில் என் மகளை விடுகிறேன். மூன்று வயதாகியும் எழுத வைக்கவில்லையே என்று அவரிடம் ஒருநாள் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் பதில் பேசாமல், பிசைந்த சப்பாத்தி மாவில் என் மகள் உருட்டி வைத்திருந்த பாம்புகளை எடுத்துக் காட்டினார். எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். அடுத்த வாரம், கீழே விழுந்த மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் கையைப் படம் எடுத்தேன். மணிக்கட்டில் 8 சிற்றெலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில், அந்த வயதில் ஏறக்குறைய மூன்றுதான் புள்ளி புள்ளியாகத் தெரியும். மற்றவை இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இத்தகைய படங்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்துவருகிறேன். என் மகளின் கையில் பென்சிலைத் திணித்தபோது ஒருமுறைகூட அது என் நினைவுக்கு வரவில்லை. அன்று மாலை அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "போய்ச் சப்பாத்தி போடும்மா, நேரமாச்சு" என்றார்.

இன்னொரு நிகழ்ச்சி. என் மகளின் பெயரில் 'லை' வரும். என் மாமியார் சாப்பாட்டுப் பையில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தபோது, 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் தாம் படித்த பழைய வடிவத்திலேயே, 'ல'வின் தலையில் சுழியோடு எழுதிவிட்டார். அத்தை வீட்டுச் சுவரில் இருந்த பெயர் அட்டையில் புதிய 'லை' இருந்தது. என் மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பத்தா எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு" என்றாளாம். பையில் இருப்பதை அழித்துத் திருத்தியிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அத்தை அதை விட்டுவைத்தார். அன்று முழுவதும் மற்றப் பிள்ளைகள் தங்கள் பெயரில் தும்பிக்கை தேடினார்கள்.

திருப்பூர் அக்காவிடம் ஒரு கேள்வி: கோன்கள் எங்கே கிடைக்கும், பழையதைக் குழந்தைகளிடம் கொடுக்கலாமா? பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை பயன்படுத்துகிறீர்களா?

திருப்பூர்

புதுக்கோட்டை ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு, இன்று இலைமேல் ஒட்டிய தாளைப் பாதி கிழித்திருக்கிறேன். இட்லியும் இலையும் இப்போது சேர்ந்தே தெரிகின்றன.

மதுரைத் தங்கைக்கு: கோன்களை நிட்டிங் நடக்கும் இடத்தில் கேளுங்கள். நூல் தீர்ந்த காகிதக் கோன்களை எடைக்குத்தான் போடுவார்கள், பத்து இருபது என்றால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் தேங்காய்ச் சிரட்டை போதும். காகிதக் கோனைக் கழுவ முடியாது. ஈரத்துணியால் துடைத்து வெயிலில் வைத்துவிட்டு, வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் தூங்கும்போது மட்டும் எடுங்கள். புளியங்கொட்டையை நான் நிறுத்திவிட்டேன். மூன்றாம் ஆண்டில் ஒரு குழந்தை அதை மூக்கில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஓடி, மருத்துவர் எடுத்துவிடும்வரை எனக்கு உயிரே இல்லை. இப்போது 14 குழிக்கும் தண்ணீர்க் கேன் மூடிகளைத்தான் போட்டு ஆடுகிறோம். குழிகளும் பெரிதாக வேண்டியிருந்ததால், பலகையை விட்டுவிட்டு வாசல் மண்ணிலேயே தோண்டிக்கொள்கிறோம். மழை பெய்தால் மறுநாள் புதிதாகத் தோண்டுவதும் விளையாட்டில் சேர்ந்துகொள்கிறது.