பாளை வீட்டுக் குழு: மார்க் எடுத்தும் லெவல் ஏற்றவில்லையாம்

டல்லாஸ் அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். சின்னவளை இந்த ஆண்டும் ஜிம்னாஸ்டிக்ஸில் லெவல் 3-லேயே வைக்கப்போவதாக, அவள் பயிற்சி எடுக்கும் ஜிம்மில் சொல்லிவிட்டார்கள். நாற்பதுக்கு 37.2 வாங்கிய பிள்ளையை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டதற்கு, "இன்னும் தயாராகவில்லை" என்று ஒற்றை வரியில் மெயில் வந்தது.

தென்காசி அத்தான்: மாப்பிள்ளை, மெடல் வாங்கும் பிள்ளையைக் கீழேயே வைத்திருந்தால் அவர்கள் டீமுக்குக் கோப்பை வருமல்லவா? எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

பெரியப்பா: கூட்டல் இருக்கட்டும் தம்பி, நாலு கருவிக்கும் தனித்தனியாகச் சொல்.

டல்லாஸ் அண்ணன்: வால்ட் (ஓடிவந்து தாண்டுவது) 9.6, தரைப் பயிற்சி 9.5, பீம் (ஒடுங்கிய கட்டைமேல் செய்வது) 9.3, கம்பி 8.8, பெரியப்பா.

டல்லாஸ் மைனி: மாமா, கோச்சை நேரில் பார்த்தேன். சிக்கல் கம்பியில்தான். லெவல் 4-க்கு 'கிப்' வேண்டும். கம்பியைப் பிடித்து உடம்பை முன்னே வீசி, திரும்பும்போது கணுக்காலைக் கம்பியருகே கொண்டுவந்து, கை மடங்காமல் அழுத்தி, இடுப்பு கம்பியில் பதியும்படி எழ வேண்டும். இவளுக்குப் பத்துக்கு மூன்று முறைதான் வருகிறது, அதுவும் முழங்கை மடங்கி. லெவல் 5 வரை, அந்தந்த லெவலில் எல்லாரும் ஒரே பயிற்சி வரிசையைத்தான் செய்ய வேண்டும், சொந்த வரிசை 6-லிருந்துதான் என்பதால், வராததை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்துகாட்டவும் வழியில்லை. விழுந்தால் அரை மார்க் போய்விடும். மேல் லெவல்களுக்கு இங்குள்ள ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் குறைந்தபட்ச மார்க் வைத்திருக்கிறது. ஆனால் அதை எட்டியவளை ஏற்றியே தீர வேண்டும் என்று விதி இல்லை, முடிவு ஜிம்முடையதுதான்.

பெரியப்பா: நம் பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று வயதைப் பார்த்துப் பிரிப்பதால், தாண்டத் தெரியாதவன் பெயரையும் கொடுத்துவிடுவோம். அப்படித் தயாராகாத ஒரு பையனைப் பெட்டி தாண்டவிட்டு, அவன் மணிக்கட்டு முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பி.டி. வாத்தியார் நான்தான். அதனால் அந்தக் கோச்சை என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஒற்றை வரி மெயில் மட்டும் தப்பு.

தென்காசி அத்தான்: கோப்பைக்காகப் பிள்ளைகளைத் தேக்கிவைக்கும் ஜிம்களே இல்லை என்கிறீர்களா, மாமா?

பெரியப்பா: இருக்கும். எந்த வித்தை குறைகிறது, மறுபடி எந்த மாதம் பார்ப்பீர்கள் என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். கிப் என்று பெயர் சொல்லிவிட்டார்கள். மாதத்தையும் சொல்லிவிட்டால் நம்பலாம்.

டல்லாஸ் அண்ணன்: கேட்டுவிட்டேன், பெரியப்பா. கோடை முழுக்கக் கம்பிக்குக் கூடுதல் நேரம் தருகிறார்களாம். ஆகஸ்டில், ஒரே நாளில் யாரும் தாங்காமல் ஐந்து கிப் வந்தால் லெவல் 4 டீமில் சேர்த்துக்கொள்வார்களாம்.

ஆச்சி: அதெல்லாம் சரி. போட்டோவில் பிள்ளை உள்ளங்கை தோலுரிந்து கிடக்கிறதே, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினீர்களா?

டல்லாஸ் மைனி: தடவினேன் ஆச்சி. காலையில் கம்பி வழுக்குகிறது என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போயிருக்கிறாள்.