செம்பனை எண்ணெய்க்கு முத்திரை: செலவு யார் தலையில்?

கடைத்தெரு (சுங்கை சிப்புட்):
நம் ஊர்ப் பேரங்காடியில் ஆர்எஸ்பிஓ சான்று, அதாவது காட்டையும் தொழிலாளியையும் காத்து விளைவித்த செம்பனை எண்ணெய்க்குத் தரப்படும் அனைத்துலக முத்திரை, பெற்ற சமையல் எண்ணெயைத் தனி அடுக்கில் வைத்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். என் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் கேட்பது அரசு உதவித்தொகையில் 2.50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பாக்கெட்டை. அவர்களிடம் முத்திரையைக் காட்டிக் காசு கேட்பது அநியாயம். மேலும், கலப்பு முறையில் சான்று பெற்ற எண்ணெயும் பெறாததும் ஒரே தொட்டியில் சேர்கின்றன. ஏட்டில் அளவு பொருந்தினால் போதுமாம். அதற்கு எதற்குக் கூடுதல் விலை?

தோட்டத்து மகள்:
அண்ணா, கலப்பா இல்லையா என்பது முத்திரையிலேயே இருக்கும். முழுக்கத் தனியாகக் கொண்டுவரும் முறையும் உண்டு. அதற்குத் தொட்டி, லோரி எல்லாம் தனியாக வேண்டும். விலை ஏறத்தான் செய்யும். வெட்டிய குலை ஒரு நாளைக்கு மேல் கிடந்தால் அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடுகிறது. ஆகவே ஆலைகள் சுற்றுவட்டாரத்துக் குலைகளை, இடைத்தரகர் கொண்டுவருவதையும் சேர்த்து, ஒன்றாகவே அரைக்கின்றன. எது யார் தோட்டத்துக் குலை என்ற தடம் அங்கேதான் தொலைகிறது.

முத்திரை வெறும் காட்டைப் பற்றியது என்று நினைக்காதீர்கள். தொழிலாளியின் கடப்பிதழை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது என்கிறது ஆர்எஸ்பிஓ விதி. 2018இல் திருத்தியபோது, விதிவிலக்கான சூழல் தவிர, பாராகுவாட் என்ற நச்சுக் களைக்கொல்லியையும் விலக்கினார்கள். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்து அடித்தவர் என் அம்மா. அந்த ஒரு விதிக்காகவே நான் கூடுதல் காசு கொடுப்பேன்.

மூன்று ஏக்கர்:
நீ கொடுக்கும் காசு, மூன்று ஏக்கரில் செம்பனை போட்டிருக்கும் என்னிடம் வருவதில்லையே, மகளே! மலேசியச் சான்றான எம்எஸ்பிஓ 2020 ஜனவரி முதல் கட்டாயம். ஐரோப்பியச் சட்டமோ 2020 டிசம்பருக்குப் பிறகு காடழித்த நிலத்து எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி, ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடத்தையும் கேட்கிறது. கேட்கட்டும், நான் காட்டை அழித்தவன் இல்லை. ஆனால் பதிவேடு, பயிற்சி, தணிக்கை என்று அலைவது நான். தரகர் தராசில் சான்றுள்ள குலைக்கும் இல்லாத குலைக்கும் ஒரே விலை.

கடைத்தெரு:
ஐயா சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். விற்பவர் பெயர் வாங்குகிறார், விளைவிப்பவர் செலவு செய்கிறார்.

தோட்டத்து மகள்:
அப்படியானால் முத்திரையைத் தள்ளாதீர்கள், விலையைப் பங்கு கேளுங்கள். கூடுதல் விலையில் எவ்வளவு தோட்டத்துக்குப் போகிறது என்று பேரங்காடி அடுக்கிலேயே எழுதி ஒட்டட்டும். நான்கைந்து மளிகைக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் மொத்த வியாபாரியும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கடைத்தெரு:
கேட்கிறேன், தங்கையே. மற்ற கடைக்காரர்களிடமும் பேசுகிறேன். ஆனால் 2.50 ரிங்கிட் பாக்கெட்டை என் கடையிலிருந்து எடுக்க மாட்டேன். அதை வாங்குகிறவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தாம்.