வீட்டு சாப்பாடு சாப்பிட்டா சம்பளத்துல அஞ்சாயிரம் கம்மியா?

வெயிலூரான்:
நேத்து இன்னொரு திரியில ஒரு பெரிய மனுஷன் எழுதி வச்சிருக்காரு, "வேலூர் பையனுக்கு டெஸ்க்டாப் சப்போர்ட்ல மாசம் 13 ஆயிரம் போதும், சோறு வீட்ல, படுக்கை வீட்ல, அவனுக்கு இன்னா செலவு"ன்னு. படிச்சதுல இருந்து மண்டை காயுது. ஏன்னா போன வாரம் இதே டயலாக்க எங்கிட்ட நேர்லயே சொன்னாங்க. காட்பாடி தாண்டி ஒரு எடத்துல இன்டர்வியூ, பேரு வேணாம். மெஷின ஆஃபீஸ் நெட்வொர்க் டொமைன்ல ஜாயின் பண்றது, அவுட்லுக் மெயில் ஃபைலு பிஎஸ்டி 50 ஜிபி தொட்டா இன்னா ஆவும், ஐபி 169.254ன்னு காட்டினா இன்னா அர்த்தம், ஒரு மணி நேரம் கேட்டாங்க, எல்லாம் சொன்னேன். எக்ஸ்பெக்டேஷன் கேட்டாங்க, 18ன்னேன். அந்த எச்ஆர் அம்மா பேனாவ மூடி வச்சிட்டு "வீடு எங்க தம்பி"ன்னாங்க. சத்துவாச்சாரின்னேன். "அப்ப மதியம் வீட்டு சாப்பாடு தானே"ன்னாங்க. 18 அங்கயே 13 ஆயிருச்சு. எங்கம்மா வடிக்கிற சோத்துக்கு இவங்க எதுக்கு பில்லு போடறாங்க?

பழைய_எஃப்எம்:
அந்த பெரிய மனுஷன் நான் தான், ஒளிஞ்சிகினு எல்லாம் எழுதல. ஃப்ரெஷருக்கு 13 போதும்னேன், இப்பவும் சொல்றேன். கணக்கு தெரியாம கோவப்பட்டா நான் இன்னா பண்ண முடியும். வீட்டு சாப்பாடு மாசம் அஞ்சாயிரம். சென்னைல 18 வாங்கறவன் மெஸ்ஸுக்கு அஞ்சு குடுத்துட்டு 13 தான் பாக்கறான். நீ வேலூர்ல 13 வாங்கினு அப்படியே வச்சிக்கற. ரெண்டும் ஒண்ணு தானே? நான் 2009ல 4,500க்கு சேந்தவன், பதினேழு இன்ச் சிஆர்டி மானிட்டர தோள்ல தூக்கிகினு மூணு மாடி ஏறினவன், ஆஸ்பத்திரி சைட்டு அது, லிஃப்ட் பேஷன்ட்டுக்கு மட்டும்னு எழுதி வச்சிருப்பாங்க. அப்பவும் டிபன் பாக்ஸ் தான் எடுத்துனு போனேன், எவன்கிட்டயும் அழுவல.

ராணிப்பேட்டை_ரௌட்டர்:
ரெண்டும் ஒண்ணா? அப்ப உங்க டிபன் பாக்ஸ்ல சோறு தானா மொளைக்குதா அண்ணா?

பழைய_எஃப்எம்:
வந்துட்டாரு.

டிக்கெட்_தாரா:
ஒரு நிமிஷம். ரெண்டு பேரும் எந்த வேலைய பத்தி பேசறீங்க? ஹெல்ப் டெஸ்க்குன்னா ஃபோன்ல உக்காந்து டிக்கெட் எடுக்கறது, பாஸ்வேர்ட் ரீசெட், அக்கவுன்ட் அன்லாக், ரிமோட்ல பாக்கறது. டெஸ்க்டாப் சப்போர்ட்னா எடத்துக்கு போய் கழட்டி மாட்டறது. ரெண்டுக்கும் சம்பளம் வேற. அப்புறம் 13, 18ன்னு சொல்றது சிடிசியா (நமக்காக கம்பெனிக்கு ஆவற மொத்த செலவு) கைல வர்றதா? நேரா கம்பெனி ரோலா, நடுவுல ஆள் அனுப்பற வெண்டர் பேரோலா? இத சொல்லாம எப்படி சண்டை போட முடியுது உங்களால? (நான் குடியாத்தம், இப்ப சென்னைல நைட் ஷிஃப்ட் ஹெல்ப் டெஸ்க்.)

பழைய_எஃப்எம்:
எதுவா இருந்தா இன்னாம்மா, வீட்டு சாப்பாடு சாப்பாடு தானே. நீ சென்னைல கீற, மாசம் மெஸ்ஸுக்கு எவ்ளோ குடுக்கற? அத சொல்லு முதல்ல.

டிக்கெட்_தாரா:
பிஜி ஹாஸ்டல் 7,500, சாப்பாட்டோட. ஆனா நான் கேட்டது அது இல்ல.

பழைய_எஃப்எம்:
பாத்தியா! சாப்பாடு அஞ்சு, ரூம் ரெண்டரை. நான் சொன்ன அஞ்சாயிரம் சரியா வந்துச்சா?

வெயிலூரான்:
அவங்க அப்படியா சொன்னாங்க, நீங்களே ரெண்டா வெட்டிக்கினீங்க.

அகழி_மீன்:
தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலைன்னு நம்ம ஊர சொல்வாங்க. இனிமே சம்பளம் இல்லாத வேலைன்னும் சேத்துக்கோங்க மக்கா 😂

பழைய_எஃப்எம்:
சாமி இல்லாத கோயிலா? ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981லயே சாமிய சத்துவாச்சாரில இருந்து திரும்ப கொண்டாந்து வச்சாச்சு. வேலூர்ல பொறந்துட்டு இது கூட தெரியாம பேர் மட்டும் அகழி மீனாம்.

அகழி_மீன்:
பழமொழிப்பா அது. பழமொழிக்கு அப்டேட் விடுவாங்களா?

பழைய_எஃப்எம்:
விடணும். விண்டோஸ் 10க்கே 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, உன் பழமொழிக்கு 1981லயே முடிஞ்சு போச்சு.

ராணிப்பேட்டை_ரௌட்டர்:
விண்டோஸ் 10ன்னதும் ஞாபகம் வருது. அந்த அக்டோபர் எங்க சைட்ல எல்லா மெஷினையும் பாத்து லிஸ்ட் எடுத்தது நான் தனியாளு. விண்டோஸ் 11 ஏத்தறதுக்கு எதுல டிபிஎம் 2.0 செக்யூரிட்டி சிப் இருக்கு, எதுல பிராசசர் எட்டாவது ஜெனரேஷனுக்கு கீழ, எது தூக்கி போடணும்னு பாத்து, ஞாயித்துக்கிழமை கூட போய் பேக்கப் எடுத்து, அக்கவுன்ட்ஸ் அம்மாவோட டாலி கணக்கு டேட்டா ஒரு ரூபா கொறையாம ஏத்தி குடுத்தேன். அப்ரைசல்ல இன்னா சொன்னாங்க தெரியுமா, "உங்களுக்கு பக்கத்துல தானே வீடு, மதியம் வீட்டுக்கே போய் சாப்பிட்டு வர்றீங்க, அது ஒரு பெனிஃபிட் தானே"ன்னு. ஏற்கெனவே இந்த பழைய எஃப்எம் மாதிரி நாலு பேரு தலையாட்டி வச்சதால தான் அவனுங்களுக்கு இந்த தைரியம்.

பழைய_எஃப்எம்:
என்ன இழுக்காத. நீ ராணிப்பேட்டை, அது 2019லயே தனி மாவட்டம் ஆயிருச்சு. இது வேலூர் சம்பளம் பத்தின திரி.

ராணிப்பேட்டை_ரௌட்டர்:
ஓ, மாவட்டம் பிரிஞ்சா சோறும் பிரிஞ்சுடுமா? எங்க தாத்தாவுக்கு எல்லாமே பழைய வடாற்காடு மாவட்டம் தான். அப்புறம் 2022ல நீங்க எனக்கு வித்த 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் எந்த மாவட்டம் அண்ணா? மூணே மாசத்துல செத்துச்சே. "ஒரு வருஷம் வாரன்டி, பில்லு தேடி குடுக்கறேன்"னீங்க. நாலு வருஷமா தேடறீங்க.

பழைய_எஃப்எம்:
அது உன் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கோளாறுன்னு அப்பவே சொல்லிட்டேன். இங்க எடுக்காத.

ஆம்பூர்_யுபிஎஸ்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கறேன். நான் தோல் ஃபேக்டரி லைன்ல ஃபீல்ட் கால் (எடத்துக்கே போய் ரிப்பேர் பாக்கறது) போறவன், ஆம்பூர் வாணியம்பாடி பேர்ணாம்பட்டு. அங்க இருக்கிற காத்துக்கு ஒரு மெஷினும் தாங்காது. தோலுக்கு சுண்ணாம்பு போடற குழி பக்கத்து ரூம்ல இருக்கிற சிபியுவ தெறந்தா உள்ள செம்பு எல்லாம் கறுத்துப்போய் கெடக்கும், அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே அந்த வாயு பண்ற வேலை. ரேம் மெமரிய கழட்டி அதோட பின்னுங்கள நடராஜ் ரப்பர் வச்சு தேய்ப்பேன், கறுப்பு கறுப்பா திரி உதிரும், ஊதிட்டு திருப்பி மாட்டினா பீப் சத்தம் நின்னு டிஸ்ப்ளே வரும். ரெண்டு மாசத்துல திரும்ப அதே கால். சட்டையோட வீட்டுக்கு போனா வாசல்லயே நிறுத்துவாங்க. அந்த கையோட வீட்டு சாப்பாடு எங்க சாப்பிடறது? நான் பாதி நாள் டிபன் பாக்ஸ தெறக்காமயே திருப்பி எடுத்துனு வர்றேன். அப்ப எனக்கு அந்த அஞ்சாயிரம் கழிக்கணுமா கூடாதா?

பழைய_எஃப்எம்:
தெறக்காதது உன் இஷ்டம். டிபன் பாக்ஸ் இருக்குல்ல? கழிக்கணும்.

வெயிலூரான்:
யோவ்!

டிக்கெட்_தாரா:
சரி, நானே கணக்க போடறேன், யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க. வெயிலூரான் தம்பி, ஆஃபர் லெட்டர்ல மாச சிடிசி 22,331ன்னு இருக்குன்னு வச்சிக்கோங்க, அதுல பேசிக் (அடிப்படை சம்பளம்) 10,000. அந்த சிடிசில கம்பெனி பங்கு பி.எஃப் 12 பர்சன்ட் 1,200, ஈ.எஸ்.ஐ (மருத்துவ இன்ஷூரன்ஸ்) க்ராஸ்ல 3.25 பர்சன்ட் 650, கிராஜுட்டி 481. இத எடுத்துட்டா க்ராஸ், அதாவது பிடித்தத்துக்கு முன்னாடி சம்பளம், 20,000. அதுல நம்ம பங்கு பி.எஃப் 1,200, ஈ.எஸ்.ஐ 0.75 பர்சன்ட் 150 போகும். கைல 18,650. சிடிசிக்கும் கைக்கும் நடுவுலயே 3,681 ரூபா. கிராஜுட்டிய வேலைய விட்டு போற வரைக்கும் கண்ணால பாக்க மாட்டீங்க. அதனால "18 கேட்டேன்"னு சொன்னா சிடிசியா கைலயான்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?

வெயிலூரான்:
கேக்கல அக்கா, அதுக்குள்ள சோறு வந்துருச்சு.

பழைய_எஃப்எம்:
தாராம்மா கணக்குல பி.எஃப் அட்மின் சார்ஜ் அரை பர்சன்ட் விட்டுப்போச்சு, இன்ஷூரன்ஸ் அரை பர்சன்ட் விட்டுப்போச்சு. அதோட சாப்பாட்டு லைனே இல்ல. 18,650ல மெஸ் அஞ்சாயிரம் கழிச்சா 13,650. நான் சொன்ன 13 கிட்ட வந்துச்சா இல்லியா? உங்க கணக்குலயே வருது.

டிக்கெட்_தாரா:
அண்ணா நான் சாப்பாட்டு லைன் போடாதது மறந்து இல்ல. ஆஃபர் லெட்டர்ல பேசிக் இருக்கும், எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) இருக்கும், "அம்மா"ன்னு ஒரு கட்டம் எந்த கம்பெனி எக்செல்லயும் நான் பாத்ததில்ல.

அகழி_மீன்:
இத ஃப்ரேம் போட்டு மாட்டலாம் 🔥

பழைய_எஃப்எம்:
ஃப்ரேம் போடு, மாட்டு. அஞ்சாயிரம் அஞ்சாயிரம் தான். இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க, சும்மா மேல மேல கேட்டுகினே போனா 21,000 தாண்டினதும் ஈ.எஸ்.ஐ கட் ஆயிடும். நாளைக்கே அப்பாம்மாவுக்கு ஒண்ணுன்னா எங்க போவ? எனக்கு தெரிஞ்ச பையன் 20,800ல இருந்து 21,500 ஆனான், குதிச்சான், அப்புறம் ஆஸ்பத்திரி பில்லு பாத்து உக்காந்தான்.

ராணிப்பேட்டை_ரௌட்டர்:
தாண்டின அன்னைக்கே கட் ஆவாது. ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச்னு பீரியட் இருக்கு, அந்த பீரியட் முடியற வரைக்கும் ஓடும். பாதி தெரிஞ்சிகினு பயமுறுத்தாதீங்க. எஸ்எஸ்டி வாரன்டி மாதிரியே பேசறீங்க.

பழைய_எஃப்எம்:
தம்பி மறுபடியும் எஸ்எஸ்டி எடுத்தா நான் உன் ஃபோல்டிங் லேடர் கதைய எடுக்க வேண்டியிருக்கும்.

ராணிப்பேட்டை_ரௌட்டர்:
எடுங்க. லேடர் திருப்பி குடுத்துட்டேன்.

பழைய_எஃப்எம்:
ஒரு படி இல்லாம.

ஆம்பூர்_யுபிஎஸ்:
நான் கேட்டதுக்கு ஒழுங்கா பதிலே வரல. அதுல பெட்ரோல் வேற. ஆம்பூர் டு வேலூர் அம்பது கிலோமீட்டர், லிட்டரு நூறு ரூபா, கால் ஒண்ணுக்கு எனக்கு குடுக்கறது 250. போய் வந்தா அதுல பாதிக்கு மேல பெட்ரோலுக்கே போயிடுது.

அகழி_மீன்:
அதுக்கு தான் காட்பாடில ரயில் சீசன் டிக்கெட் எடுத்து சென்னை போறானுங்க. 150 கிலோமீட்டர் வரைக்கும் தான் சீசன் குடுப்பான், சென்ட்ரல் 130 கிட்ட, தப்பிச்சோம். விடியக்காத்தால பிளாட்பாரத்துல பாத்தா முக்காவாசி லேப்டாப் பையும் டிபன் பையும் தான்.

பழைய_எஃப்எம்:
டிபன் பை! அவனே சொல்லிட்டான்! சென்னை சம்பளம், வேலூர் சோறு. அவனுக்கும் கழிக்கணும்.

வெயிலூரான்:
அண்ணா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. இப்ப உங்க சம்பளம் எவ்ளோ? பதினேழு வருஷம் ஆச்சுல்ல.

பழைய_எஃப்எம்:
அது இங்க தேவையில்ல.

வெயிலூரான்:
சும்மா சொல்லுங்க.

பழைய_எஃப்எம்:
நான் ரெசிடென்ட் இன்ஜினியரா ஒரே சைட்ல கீறேன், வெண்டர் மட்டும் நாலு தடவ மாறிட்டான், ஐடி கார்டு தான் கலர் மாறும், சீட்டு மாறாது. ஒவ்வொரு தடவ வெண்டர் மாறும்போதும் "புது ஜாயினிங்"னு பழைய ஹைக்க (சம்பள உயர்வ) தூக்கிருவானுங்க. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. என் பொண்டாட்டி டெய்லி கட்டி குடுக்கறா, மதியம் யுபிஎஸ் ரூம்ல உக்காந்து சாப்பிடறேன், ஏசி இருக்கும் அங்க. வெளிய சாப்பிட்டிருந்தா மாசம் அஞ்சாயிரம் ஆயிருக்கும். அத தான் சொல்றேன் ஆரம்பத்துல இருந்து.

டிக்கெட்_தாரா:
அண்ணா, அக்கா கட்டி குடுக்கறத வெண்டர் தானே மிச்சம் பிடிக்கறான்?

பழைய_எஃப்எம்:
நீ கைல வர்றத சொல்றியா சிடிசிய சொல்றியா?

டிக்கெட்_தாரா:
😶 எனக்கு ஷிஃப்ட் ஆரம்பிக்குது. க்யூல நாப்பது டிக்கெட் நிக்குது.

வெயிலூரான்:
அப்டேட். அந்த எச்ஆர் அம்மா இப்ப தான் ஃபோன் பண்ணாங்க. 14,500 தர்றாங்களாம். கேன்டீன் இருக்காம், சாப்பிட்டாலும் சாப்பிடலனாலும் 1,200 பிடிப்பாங்களாம். சிடிசியான்னு கேட்டேன், "லெட்டர்ல பாருங்க"ன்னு வச்சிட்டாங்க.

ராணிப்பேட்டை_ரௌட்டர்:
போகாத மச்சி.

பழைய_எஃப்எம்:
போ. 13க்கு மேல 1,500 கூடவே வந்திருக்கு. கேன்டீன்ல சாப்பிட்டா வீட்டு சாப்பாடு மிச்சம், அம்மாவுக்கு ஒரு ஆள் அரிசி கம்மி. அதையும் கூட்டிக்கோ.

வெயிலூரான்:
இப்ப கூட்டணுமா? இவ்ளோ நேரம் கழிச்சீங்களே!

பழைய_எஃப்எம்:
எடத்துக்கு தகுந்த மாதிரி.

லாங்பஜார்_மணி:
ஃபுல்லா படிக்கல சாரி. இங்க யாரோ 240 ஜிபி எஸ்எஸ்டி விக்கறாங்கன்னு பாத்தேன், இருக்கா இன்னும்?

பழைய_எஃப்எம்:
இன்பாக்ஸ் வா தம்பி. ஒரு வருஷம் வாரன்டி.