1962 ஜகார்த்தா தங்கம் எவ்வளவு பெரிய விஷயம்?

கேள்வி: இந்தியக் கால்பந்து அணி ஒரு காலத்தில் ஆசியாவிலேயே முதலிடத்தில் இருந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுனில் சேத்ரி காலம்தான். அவர்கள் சொல்வது உண்மையா? 1950 உலகக் கோப்பைக்குப் போகாதது வெறுங்காலில் ஆடியதாலா?

பதில்: முழுக்க உண்மை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசூசா ஹாட்ரிக் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று நான்காம் இடம். ஆனாலும் என்னைக் கேட்டால் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான் உச்சம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 தோல்வி. அப்புறம் தாய்லாந்துடன் ஆடும்போது ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் ஸ்டாப்பர், அதாவது கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் நடுத் தடுப்பாட்டக்காரர். பயிற்சியாளர் ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தையலோடு அவரை முன்வரிசைக்கு ஏற்றிவிட்டார்! அரையிறுதியிலும் கோல், இறுதியிலும் கோல். இறுதியில் எதிரே அதே தென்கொரியா, அரங்கமோ இந்தியாவுக்கு எதிராகக் கத்துகிறது. 20 நிமிடத்துக்குள் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கோல் கம்பத்தில் நம் தங்கராஜ். 2-1, தங்கம். ரஹீம் அப்போதே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், அடுத்த வருடம் காலமானார். இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இன்னொருவர்: வெறுங்கால் கதையை நம்பாதீர்கள். பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விலகியதால் ஆடாமலே தகுதி கிடைத்தது. அந்த நாளில் நம்மவர்களுக்கு ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பையைச் சம்மேளனம் பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடியது வாஸ்தவம். பிரான்சிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள், அதிலும் இரண்டு பெனால்டி வீணானது.

கேட்டவர்: சரி, இவ்வளவு இருந்தும் எப்படிச் சரிந்தது?

பதில்: ரஹீமுக்குப் பிறகு அவரைப் போல் யோசிக்க ஆள் இல்லை என்பது என் கருத்து. இன்னொன்று, இங்கே உள்ளூர் ஆட்டங்கள் பல 70 நிமிடத்தோடு முடிந்தன. வெளிநாட்டில் 90. கடைசி 20 நிமிடத்துக்குத் தேவையான மூச்சு எங்கிருந்து வரும்? ஆனால் ஒரே நாளில் சரியவில்லை. 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக்கில் ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கடைசியாகக் கிடைத்த பதக்கம் அதுதான்.