ரக்பி வர்ணனையாளர்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு தருணம்

கண்டிப் பெண்

போன பருவத்துப் பள்ளி ரகர் மேட்ச், எங்கள் ஊரில் ரக்பியை அப்படித்தான் சொல்வோம். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். அக்காவின் மகன் ப்ராப், அதாவது ஸ்க்ரமின் முன்வரிசையில் முட்டுக்கொடுப்பவன், அதனால் டொரன்டோவில் விடியற்காலையிலேயே எழுந்து நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் பாதியில் ஒரு ஸ்க்ரம், இரண்டு அணியும் தோளோடு தோள் பூட்டித் தள்ளிக்கொள்வது, சரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள், ஒரு பையன் மட்டும் எழவில்லை. கேமரா தூரத்தில் இருந்தது, முதுகு எண் தெரியவில்லை. வர்ணனையாளர் அந்த நேரம் பார்த்து அனுசரணையாளரின் விளம்பரத்தை வாசித்தார். அது முடிந்ததும் பார்வையாளர் அரங்கில் எந்தெந்தப் பிரமுகர்கள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அக்கா எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். ஸ்ட்ரெச்சர் வந்தது, போனது. யார், எந்த அணி, ஒரு வார்த்தை இல்லை. அடுத்த லைன் அவுட்டில், ஓரக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவதற்கு வரிசையாக நின்றபோது, அக்கா மகனின் தலையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. விழுந்தது எதிரணிப் பையன் என்று வாட்ஸ்அப்பில் பிறகு தெரிந்தது. அவனுடைய அம்மாவும் எங்கேயோ இருந்து அதே குரலைத்தானே கேட்டுக்கொண்டிருந்திருப்பார்? விழுந்தது யார் என்று சொல்லத் தெரியாதவரிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது.

எடின்பரோ பழைய மாணவன்

முழுக்கச் சரி, அக்கா. பிபிசி வர்ணனையாளர் பில் மெக்லாரனைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் கோபத்தைக் கிளப்பும். ஸ்காட்லாந்தின் ஹாயிக் ஊரில் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். காசநோயால் ஆட்டத்தை விட்டவர். வீரர்களின் பெயரையும் எண்ணையும் எழுதிய அட்டைகளைக் கலைத்துப் போட்டு, எதை எடுத்தாலும் உடனே ஆள் நினைவுக்கு வரும்வரை பழகுவார். அணிகளின் பயிற்சிக்கே நேரில் போய் ஒவ்வொருவரும் ஓடும் விதத்தைப் பார்த்து வைப்பார். 2002 ஏப்ரலில் கார்டிஃபில் வேல்ஸ்–ஸ்காட்லாந்து ஆட்டம் அவருக்குக் கடைசி. விடுதிப் பொது அறையில் பார்த்தோம். அரங்கில் இருந்த வேல்ஸ் ரசிகர்கள் அந்த ஸ்காட்லாந்துக்காரருக்காகப் பாடினார்கள். எங்கள் அறையில் அதுவரை ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் சேர்ந்து பாடியது. ஸ்கோர் எனக்கு மறந்துவிடும், அந்தப் பாட்டு மறக்காது.

ஆக்லாந்துவாசி

பெயர் சொன்னால் போதும் என்றால் பட்டியலை வாசிக்கலாமே. 1995 உலகக் கோப்பை அரையிறுதி, கேப் டவுன், இங்கிலாந்துக்கு எதிராக நியூசிலாந்தின் லோமு. முதல் ட்ரை, அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி. இங்கிலாந்தின் மைக் கேட் குறுக்கே வருகிறார், லோமு அவர் மேலேயே ஏறிப் போகிறார். வர்ணனையில் கீத் க்வின். 'லோமு' என்றார், அப்புறம் 'ஓ... ஓ...' என்ற சத்தம் மட்டும். வேறு வார்த்தை வரவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு பதிவில்தான் பார்த்தேன். இப்போது என் பையன் அந்தச் சத்தத்தை அப்படியே செய்து காட்டுகிறான், அவன் பிறந்தது அதற்குப் பல வருடம் கழித்து. அன்று லோமு நான்கு ட்ரை போட்டார். மற்ற மூன்றுக்கும் வர்ணனை என்ன என்று யாரிடமும் கேட்டுப் பாருங்கள், சொல்ல மாட்டார்கள்.

எடின்பரோ பழைய மாணவன்

ஆக்லாந்து அண்ணா, 1973 ஜனவரியில் பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணி உங்கள் ஆல் பிளாக்ஸுக்கு, அதாவது நியூசிலாந்து அணிக்கு, எதிராகப் போட்ட ட்ரையை மறுபடி கேளுங்கள். மெக்லாரனுக்கு உடம்பு சரியில்லாததால் மைக் முன்னால் கிளிஃப் மோர்கன். பென்னெட் ஆளை ஏமாற்றித் திரும்புவதிலிருந்து கேரத் எட்வர்ட்ஸ் மூலையில் பாய்வது வரை, பெயரும் வியப்பும் ஒரே மூச்சில் மாறி மாறி வரும். பெயர் தெரிந்ததால்தான் அவருக்கு வியக்க நேரம் கிடைத்தது. க்வினுக்கும் அது லோமு என்று தெரிந்திருந்தது, மறந்துவிடாதீர்கள்.

ஜோபர்க் மதுரைக்காரன்

நீங்கள் எல்லோரும் ஆங்கிலத்திலேயே சுற்றுகிறீர்கள். 2018 ஜூன், எல்லிஸ் பார்க், சியா கொலிசி தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டனாக இறங்கிய நாள். அலுவலக நண்பர் வீட்டில் கோசா மொழி வர்ணனை ஓடியது. வர்ணனையாளர் காவுண்டா ந்துன்ஜா. கொலிசியை அவர் அறிமுகப்படுத்தியது நம் ஊரில் மெய்க்கீர்த்தி பாடுவது போல இருந்தது. அவர்கள் மரபில் அரசவைப் புகழ்ப்பாடகர் பாடும் முறை அது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. நண்பரின் அம்மா, ரக்பி பற்றி அன்றுவரை ஒரு கேள்வி கேட்காதவர், சமையலறையிலிருந்து வந்து நின்று பதில் குரல் கொடுத்தார். ஒவ்வொரு வரிக்கும் கொடுத்தார். இங்கிலாந்து 24–3 என்று முன்னால் போனபோதும் அவர் உள்ளே போகவில்லை. கடைசியில் 42–39 என்று தென்னாப்பிரிக்கா ஜெயித்தது. 2020இல் ந்துன்ஜா இறந்த செய்தி வந்தபோது அந்த அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

டைட் ஹெட்

எல்லோரும் உணர்ச்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னை உறுத்துவது 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும். நியூசிலாந்துக் கேப்டன் சாம் கேனுக்கு முதலில் மஞ்சள் கார்டு (பத்து நிமிடம் வெளியே), பிறகு அது சிவப்பானது (திரும்பி வர முடியாது). இரண்டாம் பாதியில் கொலிசிக்கும் மஞ்சள், அது மஞ்சளாகவே நின்றது. 12–11 என்று தென்னாப்பிரிக்கா ஜெயித்த ஆட்டம். நான் பார்த்த ஒளிபரப்பில் ஏன் இந்த வித்தியாசம் என்று ஒருவரும் விளக்கவில்லை. அறையில் நியூசிலாந்துப் பக்கம் இருந்தவர்கள் மோசடி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

கண்டி அக்கா, உங்கள் ஊரில் வர்ணனைக்கு வரும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கார்டு வந்தால் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: அடி தலையில் பட்டதா, எவ்வளவு பலமாக, பழியைக் குறைக்கும் காரணம் ஏதாவது உண்டா. பிடிபட்டவர் கடைசி நொடியில் குனிந்தாரா என்பது போல. பெரிய போட்டிகளில் நடுவர் மஞ்சளைக் காட்டி மறுபரிசீலனைக்கு அனுப்பினால் தனி அறையில் இருக்கும் அதிகாரி 8 நிமிடத்துக்குள் அது சிவப்பா என்று முடிவு செய்வார், அதையும் சொல்ல வேண்டும். நடுவரின் மைக் திறந்திருக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ஸ்க்ரமில் பெனால்டி கொடுத்தால் கை சைகையைப் பார்த்து, இழுத்துக் கீழே போட்டாரா, கோணலாகத் தள்ளினாரா என்று ஒரு வரி. முன்னாள் வீரர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் வேலை 'ஏன்', மற்றவர் வேலை 'யார், எங்கே'. பிரையன் மூர் ஸ்க்ரமைப் பற்றிக் கத்துவது பலருக்குப் பிடிக்காது. ஆனால் அவர் இங்கிலாந்தின் முன்னாள் ஹூக்கர், ஸ்க்ரமின் நடுவில் நின்று பந்தைக் காலால் இழுப்பவர். பந்தை நேராகப் போடவில்லை என்று அவர் கோபப்பட்டால் அதற்குக் காரணம் இருக்கும். 2022இல் மறைந்த வர்ணனையாளர் எடி பட்லர் அவரை ஓட விட்டுச் சரியான இடத்தில் இழுத்துப் பிடித்துவந்தார். அந்த ஜோடியைப் பழைய பதிவுகளில் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். முக்கியமாக, 'நம்ம அணி' என்று சொல்லவே கூடாது.

கண்டிப் பெண்

டைட் ஹெட் அண்ணா, நன்றி. நான் கேட்டது இவ்வளவு இல்லை. ஒரு பையன் கீழே கிடக்கிறான், யார் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

அண்ணாநகர் வாசகி

2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்ற பிறகுதான் எங்கள் வீட்டில் ரக்பி ஓட ஆரம்பித்தது. அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம், திரை மங்கலாகத்தான் தெரியும். ரேடியோ கிரிக்கெட் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். அணிக்கு ஏழு பேர் ஆடும் வெளிநாட்டு செவன்ஸ் ஆட்டம் ஒன்றில் ஒரு பெண் வர்ணனையாளர், பந்து இடது ஓரத்தில், 22 மீட்டர் கோட்டுக்கு வெளியே, இப்போது நடுவே வருகிறது என்று இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பா எனக்கு முன்னால் ட்ரையைக் கண்டுபிடித்துக் கை தட்டினார். அடுத்த ஆட்டத்தில் வேறு இரண்டு பேர். 'இதைப் பாருங்கள், அற்புதம்' என்று மாறி மாறிச் சொன்னார்கள். அப்பா என் பக்கம் திரும்பி "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிவிதானே, எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ட்ரை விழுந்துவிட்டது. இரண்டாம் பாதிக்கு அவர் இருக்கவில்லை.

அந்த முதல் ஆட்டத்தின் வர்ணனையாளர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். பெண்கள் செவன்ஸ் தொடர்களை ஒழுங்காகப் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவர் பேசும் ஆட்டமாகப் பார்த்து அப்பாவுக்குப் போட வேண்டும்.