ஆயுத பூஜைக்குப் புது வீரோ எடுக்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா?

தக்காளி லோடு:
வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்குக் காய்கறி அடிக்கிறேன். இப்போது இருப்பது 2013 மாடல் பிக்கப். மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது, வருஷா வருஷம் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) டின்கரிங், பெயின்ட் என்று பிடுங்கல் வேறு. 2024 செப்டம்பர் 16-இல் மஹிந்திராவின் புது லோடு வண்டி வீரோ வந்திருக்கிறது. அறிமுக விலை 7.99 லட்சத்தில் ஆரம்பம், 1.6 டன் வரை பாரம், டீசலில் 80 குதிரைத்திறன், லிட்டருக்கு 18.4 கிலோமீட்டர் என்கிறார்கள், டிரைவருக்கு ஏர்பேக் கூட உண்டு. ஆயுத பூஜைக்கு எடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்லியும் ஆகிவிட்டது. மச்சான் வந்து, "புது மாடலை முதல் வருஷம் தொடாதே" என்று ஒரே வார்த்தையில் குட்டையைக் குழப்பிவிட்டுப் போனார். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பானர்:
மச்சானுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள் தம்பி. 22 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். புது மாடல் என்றால் எஞ்சின் வெடிக்கும் என்று பயப்படுகிறார்கள், அது அபூர்வம். தொல்லை எல்லாம் சில்லறையில் இருந்துதான் வரும். ஒரு கேஸ் சொல்கிறேன், கம்பெனிப் பெயர் வேண்டாம். வண்டி சமதளத்தில் நன்றாக ஓடும், லோடோடு மேடு ஏறினால் மட்டும் பொட்டென்று நின்றுவிடும். ஐந்து நிமிஷம் கழித்து எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். டீசல் பில்டர் மாற்றினேன், பம்ப் பார்த்தேன், ஸ்கேனரில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எரர் கோடு. மூன்றாம் நாள் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தால், மேட்டில் எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது ஒயரிங் கட்டு ஒரு பிராக்கெட்டின் விளிம்பில் உரசுகிறது. உரசி உரசி ஒரே ஒரு ஒயரின் தோல் போய் பாடியில் பட்டு ஷார்ட். ஐந்து ரூபாய் ஸ்லீவில் முடிந்தது. அந்த மாடல் வந்து ஆறு மாதத்துக்குள் எடுத்த வண்டி அது. அடுத்த வருஷம் வந்த வண்டிகளில் அதே இடத்தில் கம்பெனியே ஸ்லீவ் போட்டு அனுப்பியிருந்தது. முதல் வருஷம் வாங்குகிறவன் காசும் கொடுத்து, கம்பெனிக்காக டெஸ்டும் ஓட்டுகிறான் என்பது இதுதான்.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
ஸ்பானர் அண்ணன் சொல்வதைக் கேட்டால் எல்லோரும் இன்னும் மாட்டு வண்டியில்தான் போய்க்கொண்டிருப்போம். 2005-இல் டாடா ஏஸ் வந்தபோது இதே பேச்சுத்தான்: "ரெண்டு சிலிண்டர், 700 சிசி, 16 குதிரைத்திறன், இது லோடு இழுக்குமா, பொம்மை வண்டி." அப்புறம் ஊரே குட்டி யானை என்று பெயர் வைத்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்று நின்றவனுக்கு முன்னாலேயே எடுத்தவன் ஊருக்குள் கடைக்குக் கடை வாடகை பிடித்துவிட்டான்.

கணக்குக்கு வருவோம். தம்பி ஒரு நாள் போய்வர 260 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன், மாதம் 25 நாள், 6,500 கிலோமீட்டர். பழைய வண்டி லிட்டருக்கு 12 கொடுத்தால் 541 லிட்டர். புதியதில் 18.4-ஐ நானும் நம்பவில்லை, லோடோடு 15 என்று வைத்தால் 433 லிட்டர். 108 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் ஏறக்குறைய பத்தாயிரம். 8 லட்சம் கடன், நாலு வருஷம், 11 சதவீதம் என்றால் டியூ ஏறக்குறைய இருபதாயிரத்து எழுநூறு. பாதி டியூவை டீசலே கட்டிவிடுகிறது. ஒரு வருஷம் பொறுத்தால் லட்சத்துக்கு மேல் டீசலில் புகையாகப் போகும். அந்த ஐந்து ரூபாய் ஸ்லீவுக்காகவா?

பழைய ஸ்பானர்:
ஸ்லீவ் ஐந்து ரூபாய்தான். மூன்று நாள் வண்டி நின்றதற்கு என்ன விலை என்று ஏன் கேட்கவில்லை? முட்டை ஒரு நாள் தாங்கும், தக்காளி தாங்காது. கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் மத்தியானம் வண்டி நின்றால், 14 கிலோ பெட்டி நூறு, வேறு வண்டி பிடித்து மாற்றி ஏற்றுவதற்குள் அடிப்பெட்டியில் இருந்து சாறு வடிய ஆரம்பித்துவிடும். பாலக்காட்டு மண்டிக்காரர் அதற்கு எடுத்த விலை சொல்வாரா, வைத்த விலை சொல்வாரா?

இன்னொன்று. வீரோவுக்குக் கொடுக்கிற வாரண்டி மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் கணக்குப்படியே மாதம் 6,500 ஓடினால் பதினைந்தரை மாதத்தில் லட்சம் தாண்டிவிடும். மூன்று வருஷ வாரண்டி என்று நோட்டீஸில் பார்த்து சந்தோஷப்படுகிறவர் இதைப் பார்ப்பதில்லை. அதிலும் கிளட்ச் பிளேட், பிரேக், ரப்பர் மாதிரித் தேய்கிற சாமான் வராது, நின்ற நாளுக்கு வாடகை வராது, அழுகிய லோடுக்குப் பணம் வராது.

தக்காளி லோடு:
பதினைந்து மாதம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணே. வயிற்றைக் கலக்குகிறது.

பால் வண்டி அக்கா:
நான் கொஞ்சம் பேசலாமா. 2021-இல் ஒரு பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் பிக்கப் எடுத்தோம், அப்போது அது புது மாடல், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். விடிகாலை நாலரைக்குக் கிளம்பிக் கிராமம் கிராமமாகக் கேன் ஏற்றுவது வேலை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், எஞ்சின் சூடாவதற்குள் நிறுத்து, மறுபடி எடு. ரெண்டாவது மாதமே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. டிரைவர் பையன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வண்டி 40-க்கு மேல் போகவே மாட்டேன் என்றது, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அதே வேகம். எட்டு கேன் பால் சூடேறிப் போனது. கொண்டுபோனால் டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற பில்டர், அடைத்திருக்கிறது என்றார்கள், லேப்டாப்பை மாட்டி நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுச் சுத்தம் செய்தார்கள். நாலு மாதத்தில் மூன்று தடவை. அதனால் என் ஓட்டு பொறுக்கலாம் என்பதற்கே.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
அக்கா, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது புது மாடலின் குற்றம் இல்லை. 2020 ஏப்ரல் முதல் வருகிற எந்த டீசல் பிக்கப் எடுத்தாலும் இதே கதைதான். புகைக்குழாயில் இருக்கிற அந்தப் பில்டர் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் அந்தக் கரி எரியும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே போகும். உங்கள் ஓட்டத்துக்கு டீசல் எடுத்ததே தப்பு, சிஎன்ஜியோ பெட்ரோலோ எடுத்திருக்க வேண்டும். தம்பியோ ஒரே மூச்சில் 130 கிலோமீட்டர் போகிறவர், ஹைவேயில் அது தானாகச் சுத்தமாகிக்கொள்ளும்.

பால் வண்டி அக்கா:
எடுத்ததே தப்பு என்று இப்போது சொல்கிறீர்கள், எடுக்கும்போது அந்த ஷோரூம்காரர் எங்கள் ஓட்டம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. பழகிய மாடலாக இருந்திருந்தால் சங்கத்தில் பால் ஊற்ற வருகிற இன்னொரு வண்டிக்காரராவது "அக்கா இது வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். புது மாடலில் அப்படிச் சொல்ல ஆளே இல்லை. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

பழைய ஸ்பானர்:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் டிபிஎஃப் விஷயத்தில் கணக்குப்பிள்ளை சொல்வதும் சரி, இவர் ஓட்டத்துக்கு அது பெரிய தொல்லை தராது. வண்டி அந்தக் கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் சாவியைத் திருப்பி அணைக்காமல் இருந்தால் போதும். அடிக்கடி அப்படி அணைத்தால் டீசல் ஆயிலில் இறங்கி, டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக் காட்டும். அப்படிக் கண்டால் உடனே ஆயில் மாற்று. கம்பெனி 20,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்கிறது. மார்க்கெட் தூசியில் ஓடுகிற வண்டிக்கு நான் பத்தாயிரத்திலேயே ஆயிலை இறக்கிவிடுவேன், அது என் பழக்கம்.

ஷார்ஜா ரிட்டர்ன்:
ஒன்பது வருஷம் வளைகுடாவில் ஹைலக்ஸ் ஓட்டினேன், பானெட்டைத் திறந்த ஞாபகமே இல்லை. அப்படிப்பட்ட டொயோட்டாவே அமெரிக்காவில் டன்ட்ரா என்கிற பிக்கப்புக்குப் பழைய 5.7 லிட்டர் வி8-ஐ எடுத்துவிட்டு 2022 மாடலில் புதிதாக ட்வின் டர்போ வி6 வைத்தது. 2024 மே மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். எஞ்சின் செய்யும்போது கடைந்த இரும்புத் துகள் உள்ளேயே தங்கி, மெயின் பேரிங்கைத் தின்று, ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகலாம் என்பதுதான் காரணம். பெயரை மட்டும் பார்த்து முதல் செட்டை எடுக்காதீர்கள்.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லுங்கள் சார். எஞ்சினையே மாற்றித் தருகிறோம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. நம் ஊரிலும் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் ரீகால் வந்துவிட்டது, தயாரிப்புக் குறை என்றால் அரசாங்கமே வண்டியைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம்.

பழைய ஸ்பானர்:
சொல்லலாம், சொல்லலாம். அதற்கு எத்தனை பேர் புகார் கொடுக்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது, வண்டி விற்ற எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி. அந்த எண்ணிக்கை சேருகிற வரைக்கும் இவர் தக்காளியை என்ன செய்வார், தொக்குப் போடுவாரா?

தக்காளி லோடு:
அண்ணன்மார்களே, சண்டை வேண்டாம். இப்போது எனக்கு ஒன்று புரியவில்லை. வீரோ மொத்தமும் புதிதா, பழைய சாமானில் புது டப்பாவா? ஸ்பானர் அண்ணே, வேண்டாம் என்றால் வேறு எதை எடுக்க?

பழைய ஸ்பானர்:
நல்ல கேள்வி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வண்டியின் அடிக்கட்டமைப்பான பிளாட்பாரமே புதிது என்று கம்பெனியே சொல்கிறது. எஞ்சின் 1.5 லிட்டர். பொலீரோ பிக்கப்பில் இருப்பது 2.5 லிட்டர். ஒன்றரை டன் ஏற்றினால் சின்ன எஞ்சின் எப்போதும் டர்போவை நம்பித்தான் இழுக்க வேண்டும், பெரிய எஞ்சின் அலட்டிக்கொள்ளாது. கமான் பட்டை, கிளட்ச் செட், ஹெட்லைட் என்று பொலீரோ பிக்கப்புக்கு எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும், பொள்ளாச்சியில் நின்றாலும் கொழிஞ்சாம்பாறையில் நின்றாலும் பக்கத்துப் பட்டறைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவான். நான் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
சிசி அதிகம் என்றால் ஆயுள் அதிகம் என்பது தாத்தா காலத்துக் கணக்கு. வீரோவில் டார்க், அதாவது இழுவை, 210 நியூட்டன் மீட்டர், அந்த 2.5 லிட்டரில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அப்புறம் அண்ணே, பொலீரோ பிக்கப் வந்த புதிதில் அதற்கும் எந்தப் பட்டறையிலும் சாமான் கிடையாது, யாரோ முதலில் வாங்கியதால்தான் இப்போது கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிறீர்கள்.

பழைய ஸ்பானர்:
அந்த யாரோ ஒருவர் நாலு வண்டி வைத்திருக்கிற நீங்களாக இருக்கட்டுமே. உங்களுக்கு ஒன்று நின்றால் மூன்று ஓடும். தம்பிக்கு இருப்பதே ஒன்று. அதுவும் டியூவில்.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
சரி, இதில் என்னை மடக்கிவிட்டீர்கள். ஒற்றை வண்டிக்காரர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு யோசனை. பழைய வண்டியை இப்போது எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள் தம்பி. ஆயில் குடிக்கிற வண்டிக்கு அவர்கள் கொடுக்கிற விலை சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. இன்ஷூரன்ஸ் இருக்கிற வரை ஆறு மாதம் ஓரமாக நிற்கட்டும். புதியது நின்றால் அதை எடுத்து லோடைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஸ்பேர் வண்டி இருந்தால் ஸ்பானர் அண்ணன் சொல்கிற பயத்தில் பாதி போய்விடும்.

பால் வண்டி அக்கா:
இது உருப்படியான பேச்சு. நாங்கள் பழையதை எண்பதாயிரத்துக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் வாடகை வண்டிக்கே அதைவிட அதிகம் கொடுத்தோம்.

தக்காளி லோடு:
இன்று ஷோரூம் போய்வந்தேன். கேபினில் உட்கார்ந்தால் கார் மாதிரித்தான் இருக்கிறது, அதில் மயங்கிவிடக் கூடாது என்று எழுதிக் கொண்டுபோன தாளைக் கையிலேயே வைத்திருந்தேன். டீசல் பில்டர், கிளட்ச் செட், முன் கண்ணாடி, டிபிஎஃப் பிரஷர் சென்சார், நாலும் என்ன விலை, பாலக்காட்டில் நின்றால் யார் வருவார்கள், இதைத்தான் கேட்டேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள், ரெண்டு நாளில் சொல்கிறோம் என்றார்கள். பொலீரோ பிக்கப்புக்கும் கொட்டேஷன் வாங்கிவிட்டேன். டெமோ வீரோவில் அறுபது பெட்டி ஏற்றி வடகாடு மலை ரோட்டில் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு அந்தத் தம்பி சிரித்துவிட்டு மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆயுத பூஜைக்குப் பழைய வண்டிக்கே மாலை என்று வீட்டில் சொல்லிவிட்டேன், அதுதான் கொஞ்சம் சங்கடம்.

பழைய ஸ்பானர்:
மேனேஜர் சரி என்றால் ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள், பட்டறை லீவு, நானும் வருகிறேன். மேட்டில் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுக்க வேண்டும். கிளட்ச் வாடை வருகிறதா என்று நான் பின்னால் நடந்து வந்து பார்த்துக்கொள்கிறேன்.

நாமக்கல் கணக்குப்பிள்ளை:
அறுபது பெட்டி என்ன கணக்கு? நூறு ஏற்றுங்கள். ஓட்டப்போவது நூறோடுதானே.