தடி மில் சத்தம்: உள்செவி ரத்தக்குழாய் எப்படிக் கெடுகிறது?

கேள்வி – குழித்துறைக்காரன்
மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தடி அறுக்கிற மில்களில் வேலை முடிந்தால் செவி அடைத்து ‘கீ’ என்று இரையும். காலையில் சரியாகிவிடுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. சத்தம் நரம்பைக் கெடுக்கும் என்பது தெரியும். ரத்தக்குழாயையும் கெடுக்கும் என்கிறார்களே, எப்படி? வாள் பக்கத்தில் 100 டெசிபல் காட்டுகிறது. பஞ்சு வைத்தால் போதுமா?

செவிமடல்
உள்செவிக்கு ரத்தம் வருவது ஒரே மெல்லிய தமனி வழியாக. அது சுருங்கினால் மாற்றுப்பாதை கிடையாது. உள்செவியில் ஒலியைப் பிடிக்கும் நத்தைச் சுருளின் வெளிச்சுவரில் ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்று தந்துகிகள் நெருங்கிப் பின்னிய ஒரு பட்டை உண்டு. உள்திரவத்துக்குள் பொட்டாசியத்தைத் தள்ளி, சுமார் 80 மில்லிவோல்ட்டை நிறுத்திவைப்பது அதுதான். ஒலியை நரம்புச் சைகையாக்கும் மயிர்ச்செல்களுக்கு அதுவே பேட்டரி. அந்தச் செல்களை ஒட்டித் தந்துகி ஓடாது. ஓடினால் நம் நாடித்துடிப்பே ஓயாமல் கேட்கும்.

பெருஞ்சத்தத்தில் மயிர்ச்செல்கள் ஆக்சிஜனை அளவுமீறி எரிக்கும். அதே நேரத்தில் தந்துகிகள் சுருங்கி, சிவப்பணுக்கள் ஊர்ந்து போகும். தேவை கூடும்போது வரத்து குறைகிறது, கேடு அங்கேதான் தொடங்குகிறது. தந்துகியைக் கட்டிப் பிடித்திருக்கும் பெரிசைட் செல்களின் பிடி விடுகிறது, சுவர் கசிகிறது, பட்டை வீங்குகிறது, மின்னழுத்தம் இறங்குகிறது. கூடவே உருவாகும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் குழாயை மேலும் சுருக்கும். விலங்குச் சோதனைகளில் இந்த மூலக்கூறுகள் சத்தம் நின்று 7 முதல் 10 நாள் வரைகூட ஏறிக்கொண்டே போயின. ஆகவே மில்லை நிறுத்தியதும் கேடு நின்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். புகைப்பவருக்கும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் இந்தக் குழாய்களில் ஏற்கெனவே இடுக்கம் இருக்கும்.

டெசிபல்_குளச்சல்
பஞ்சு போதாது. சில டெசிபல்தான் குறைக்கும். நம் தொழிற்சாலை விதி 90 டெசிபலில் 8 மணி நேரம் விடுகிறது. செவியைக் காக்க 8 மணி நேரத்துக்கு 85-ஐ எடுங்கள்: ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதி. 100-க்கு 15 நிமிடம்தான் வரும்.

பஞ்சுக்குப் பதில் செவிக்குள் வைக்கும் நுரை அடைப்பானை விரலால் மெல்லிய திரியாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் செவிமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, உப்பும்வரை 30 விநாடி பிடிக்க வேண்டும். பாதி வெளியே துருத்தி நின்றால் சரியாக இறங்கவில்லை. உறையில் சத்தக் குறைப்பு எண் (NRR) 33 என்றிருந்தால் 7 கழித்துப் பாதியாக்குங்கள்: 13. அப்போதும் 87 மிஞ்சும், 5 மணி நேரத்துக்குத்தான் ஆகும். மேலே காதுமூடியும் மாட்டினால் இன்னும் 5 குறையும்.

குழித்துறைக்காரன்
பேச்சு கேட்கவில்லை என்று ஆட்கள் இடையிடையே கழற்றுகிறார்களே அண்ணா?

டெசிபல்_குளச்சல்
அங்கேதான் எல்லாம் போகிறது. 8 மணி நேரத்தில் அரைமணி கழற்றினால், 30 டெசிபல் அடைப்பானும் 12-க்கு மேல் காக்காது. வாளை நிறுத்தியபின் பேசச் சொல்லுங்கள்.

செவிமடல்
வேலை முடிந்த இரவே திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கம் நிற்க வேண்டாம், செவி மீள அமைதி வேண்டும். இரைச்சலுக்கு எண்ணெய் ஊற்றியும் பலனில்லை, செவிப்பறையைத் தாண்டாது. ஒரு செவி மட்டும் திடீரென்று மந்தமானால் அன்றைக்கே காது மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு கொடுப்பதாக இருந்தால் முதல் இரண்டு வாரம்தான் காலம், முந்தினால் அவ்வளவு நல்லது.